ஒரிஜினல் குதிரை

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு எமகண்டம் முடிந்ததும், ரகுநாத் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, துப்பாக்கியைச் சுற்றியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்தார்.

அவிழ்க்கக் கூடாது. அது அவருக்குத் தெரியும். வீட்டில் இருக்கும்வரை துணியில் கை வைக்கக் கூடாது என்பது வேம்படிப்பட்டிக் காளி கோயில் கட்டுப்பாடு. மாசித் திருவிழாவில், அம்மன் வாசலில், பூசாரிதான் அவிழ்ப்பார். அவிழ்த்த கையோடு அடி முதல் நுனி வரை சந்தனம் அப்பிவிடுவார். திருவிழா முடிந்ததும், கோயில் பாத்திரம் துலக்கும் செவந்தி சந்தனத்தைக் கழுவித் துடைத்து, துணி சுற்றி, வீட்டுக்காரர்களிடம் கொடுப்பாள். ரகுநாத்துக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. சொந்த வீட்டுத் துப்பாக்கியைச் சந்தனம் இல்லாமல் அவர் பார்த்ததில்லை.

ஊரில் அப்படிப்பட்ட துப்பாக்கி இரண்டு உண்டு. ராஜா காலத்தில் குதிரைப்படையில் இருந்த பூட்டனுக்கு, சேணத்தின் இரண்டு பக்கமும் செருகிக்கொள்ளும் கைத்துப்பாக்கி ஜோடியாகக் கிடைத்தது. பூட்டனுக்கு மகன்கள் இருவர். ஆளுக்கு ஒன்றாய்ப் பிரித்துக்கொண்டார்கள். மூத்தவர் வீட்டுத் துப்பாக்கிக்குச் சிவப்புத் துணி. இளையவர் வீட்டுத் துப்பாக்கிக்கு மஞ்சள் துணி. குழல்களின் வாயில் எப்போதோ ஈயம் காய்ச்சி ஊற்றி அடைத்துவிட்டதால் போலீஸாருக்கு அவற்றின்மேல் அக்கறை கிடையாது. அக்கறையெல்லாம் பங்காளிகளுக்குத்தான். அவர்கள் வீட்டு அசல் கிணற்றில் விழுந்துவிட்டது, இப்போது இருப்பது கொல்லனிடம் அடித்து வாங்கிய போலி என்று ஒவ்வொரு வீடும் மற்ற வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. கிணறுகூட ஒரே கிணறுதான்.

மாசித் திருவிழாவில் தொந்தரவு இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு வீட்டுக்கும் ஒன்றாகத் திருநீறு கொடுத்துவிடுவார்கள். கும்பாபிஷேகம் வந்தால்தான் வினை. அன்றைக்குப் பட்டுப் பரிவட்டம் ஒன்றுதான். அதைக் கட்ட ஒரு தலைதான் வேண்டும். போன கும்பாபிஷேகத்தில் சண்டை முற்றி, கடைசியில் பரிவட்டத்தைக் கோயில் காளையின் கொம்பில் கட்டிவிட்டார்கள். அதன் பிறகு அந்தக் காளைக்கு ஊரில் இருந்த மரியாதை, சாகும்வரை ரகுநாத்தின் அப்பாவுக்கு இல்லை.

இந்த முறை விழாக் குழுத் தலைவர் திருப்பதி ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர். எதையும் நேரில் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். புதுக்கோட்டையில் அரவிந்த்குமார் என்று ஒருவர் இருக்கிறார், பழைய ஆயுதங்களைப் பார்த்தே காலம் கழித்தவர், கும்பாபிஷேகம் நடக்கும் வெள்ளிக்கிழமை வந்து இரண்டு துப்பாக்கியையும் பாகம் பாகமாகப் பார்ப்பார், எது முழுக்க அசலோ அந்த வீட்டுக்குப் பரிவட்டம் என்று அறிவித்தார்.

ஊரிலேயே அதிகம் மகிழ்ந்தவர் ரகுநாத். அவருடைய தொழிலே அதுதான். பொன்னமராவதியில் இருசக்கர வாகன ஸ்பேர்பார்ட்ஸ் கடை. எந்தச் சாமானைக் கொடுத்தாலும் உள்ளங்கையில் வைத்து ஒரு தூக்குத் தூக்கிவிட்டுச் சொல்வார், ஒரிஜினல் அல்லது லோக்கல். அன்னவாசல் மெக்கானிக்குகள்கூட அவரிடம் காட்டிவிட்டுத்தான் மாட்டுவார்கள்.

ஃப்ளெக்ஸ் அடித்து வைத்தாகிவிட்டது. கடைக்குப் பின்னால் ஆயில் டின்களுக்கு இடையில் சுருட்டிக் கிடந்தது. அதில் ரகுநாத் பரிவட்டத்தோடு கைகூப்பி நின்றார். பரிவட்டம் வேறு யாருடைய தலையிலிருந்தோ எடுத்து ஒட்டியது. கீரமங்கலத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வரப்போகிறார்கள். போனிலேயே எல்லாம் சொல்லியாகிவிட்டது. இனி ஒன்றுதான் பாக்கி. துப்பாக்கியை ஒருமுறை தானே பார்த்துவிட வேண்டும்.

உள்ளங்கையில் வைத்துத் தூக்கினார்.

"ஒரிஜினல்," என்றார் வெறும் கடையிடம்.

அதன் பிறகுதான் முதல் அதிர்ச்சி. பிடிக்கட்டையில் பல்தடம் இல்லை.

சாவதற்குமுன் அப்பா அவரை மட்டும் அழைத்து ஒரு ரகசியம் சொல்லியிருந்தார். குதிரையிலிருந்து விழுந்து கால் முறிந்த பூட்டன், எலும்பைச் சேர்த்துக் கட்டும்போது வலி பொறுக்காமல் ஊளையிட்டாராம். படைவீரன் அழுதான் என்று வெளியே தெரியக் கூடாது என்று, துப்பாக்கியின் கட்டையை வாயில் கொடுத்தார்களாம். கடித்த தடம் இன்னும் இருக்கிறது, யாரிடமும் சொல்லாதே என்றார் அப்பா. ரகுநாத் மனைவி சுகுணாவிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. சாகக் கிடந்த மனிதர் இப்படியா புளுகுவார்?

இரண்டாவது அதிர்ச்சி சின்னதுதான். துப்பாக்கியின் பக்கவாட்டில், தீக்கல்லைக் கவ்விக்கொண்டு முன்னால் பாயும் வளைந்த இரும்பு ஒன்று உண்டு. அதற்குக் குதிரை என்று பெயர். அது ஆடிக்கொண்டிருந்தது. அதை இறுக்கிப் பிடிக்கும் திருகாணியைக் காணவில்லை.

இதற்குப் போய்க் கவலைப்படுகிறவரா ரகுநாத்? திருகாணி டப்பாவைக் கவிழ்த்துத் தேடினார். கார்புரேட்டர் திருகாணி ஒன்று, அளந்து செய்த மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தது. ஆனால் பளபளவென்று மின்னியது. கரும்பழுப்புக் குதிரையின் நடுவே அது மட்டும் புதுமாப்பிள்ளை மூக்குக்கண்ணாடி போல் இருந்தது. மினுக்கைக் குறைக்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் பேட்டரி ஆசிட்டைக் கொஞ்சம் ஊற்றினார். திருகியதும் குதிரையும் திருகாணியும் ஒன்றாகக் கழன்று வந்தன; பிரிக்கச் சோம்பல்பட்டு இரண்டையும் சேர்த்தே போட்டார். ஒரு நிமிடம் போதும் என்று நினைத்தார்.

அந்த நேரத்தில் ஷட்டருக்கு அடியில் குனிந்து ஒருவர் கிளட்ச் பிளேட் கேட்டார்.

"இது கம்பெனி சாமானாங்க?"

"கையில வாங்கிப் பாருங்க. தூக்குனாலே தெரியும்."

"எனக்குத் தூக்கிப் பாக்கத் தெரியாதுங்க. நீங்க சொல்லுங்க."

"நான் சொன்னா நம்புவீங்களா?"

"கடைக்காரர் சொன்னா எப்பிடிங்க நம்புறது?"

இப்படிக் கேட்டுவிட்டால் ரகுநாத்துக்குப் பொறுக்காது. அட்டைப்பெட்டியின் அச்சில் தொடங்கி, விளிம்பைச் சீவியிருக்கும் விதம், ஒட்டியிருக்கும் பசையின் நிறம், இரண்டு சாமானைத் தட்டினால் வரும் ஓசை வரை எல்லாவற்றையும் விளக்கினார். போலியைக் கண்டுபிடிப்பது கண்ணின் வேலை இல்லை, கையின் வேலை என்று முடித்தார். வந்தவர் பக்தியோடு கேட்டுவிட்டு, அப்படியானால் லோக்கலே கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு போனார்.

திரும்பி வந்து கிண்ணத்தைப் பார்த்த ரகுநாத் அப்படியே நின்றுவிட்டார்.

காலகாலமாய்ப் படிந்திருந்த கரும்பழுப்பு முழுதும் போயிருந்தது. குதிரை எவர்சில்வர் கரண்டி மாதிரி வெளுத்துக் கிடந்தது. கல்லைக் கவ்வும் தாடை அரித்து, பல் போன கிழவியின் வாய் போல் உள்ளே போயிருந்தது. திருகாணி மட்டும் அப்படியே மின்னியது.

வெளுத்ததைத் திரும்பக் கறுப்பாக்க ஒரே வழி துருதான் என்று அவர் முடிவு செய்தார். உப்பும் புளித்தண்ணீரும் பிசைந்து குதிரையின்மேல் அப்பி, கடை மாடியில் வெயிலில் வைத்தார். புதன்கிழமை பிற்பகல் எடுத்துப் பார்த்தபோது அது செங்கல் நிறத்தில் இருந்தது. தேங்காய் எண்ணெயும் கரித்தூளும் தேய்த்ததில் ஓரளவு பழசாகத் தெரிந்தது. மாட்டினார். தூரத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் குறை தெரியவில்லை. நிபுணரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதானே பார்ப்பார் என்று தைரியம் வந்தது. பாய்கிறதா என்று சோதிக்கக் குதிரையைப் பின்னால் இழுத்தார்.

முறுக்கு ஒடிகிற சத்தம் கேட்டது. குதிரையின் கழுத்து கையோடு வந்துவிட்டது.

ஜஸ்டினின் லேத் பட்டறை ஊருக்கு வெளியே இருந்தது. துண்டுகளை வாங்கிப் பார்த்த ஜஸ்டின் இரும்பை விட்டுவிட்டு ரகுநாத்தின் முகத்தைப் பார்த்தான். வெல்டிங் நிற்காது, இரும்பு செத்துவிட்டது என்றான். புதிதாய்ச் செய்யலாம், ஆனால் வாய்ப்பக்கம் உருவமே இல்லையே, எதைப் பார்த்துச் செய்வது என்று கேட்டான்.

"இதே மாதிரி இன்னொண்ணு இருந்தா கொண்டாங்கண்ணே. பாத்து அறுத்துத் தாரேன்."

இன்னொன்று இருந்தது. தம்பி முறையான செந்தமிழன் வீட்டுச் சாமி அறையில், மஞ்சள் துணிக்குள் இருந்தது.

கோயில் காளைக்குப் பரிவட்டம் கட்டிய நாளிலிருந்து ரகுநாத் அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. செந்தமிழன் சிங்கப்பூரில் இருந்தான். கும்பாபிஷேகத்துக்காக வியாழக்கிழமை மதியம் வருவதாகக் கேள்வி. ரகுநாத் வியாழக்கிழமை காலையிலேயே போய்விட்டார். கதவைத் திறந்த அவன் மனைவி பொற்கொடி திகைத்து நின்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஈரக் கையாலேயே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்க பெரியத்தான். அக்கா வரலையா?"

அவர் சமாதானமாக இரண்டு வார்த்தை பேசினார். நாளைக்கு என்ன தீர்ப்பானாலும் நாம் ஒரே ரத்தம்தான் என்றார். பூட்டன் சொத்துக்கு முன்னால் ஒரு சூடம் ஏற்றிக் கும்பிட்டால் மனசு ஆறும் என்றார். பொற்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது. சாமி அறையைக் காட்டிவிட்டு, காப்பி போட உள்ளே போனாள்.

பெட்டியைத் திறந்தார். துணியை முழுவதும் அவிழ்க்க நேரம் இல்லை. குதிரை இருக்கும் இடத்தில் மட்டும் மடிப்பை விலக்கி, இடுப்பில் செருகி வந்த ஸ்குரூ டிரைவரால் திருகினார். வெண்ணெயில் இறங்கிய மாதிரி வந்தது. குதிரையை உள்ளங்கையில் வைத்து, பழக்கதோஷத்தில் ஒரு தூக்குத் தூக்கினார்.

கை ஒரிஜினல் என்றது.

மறுபடி தூக்கினார். கை மறுபடியும் அதையே சொன்னது. பரம்பரை பரம்பரையாய்க் கொல்லனிடம் அடித்த போலி என்று சொல்லிவந்த சாமான், சுத்தமான அசல். பொற்கொடியின் கொலுசுச் சத்தம் கேட்டது. குதிரையைத் திருகாணியோடு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, துணியை மூடி, கண்ணை மூடிக் கைகூப்பினார். காப்பியோடு வந்தவள் அவர் கும்பிட்டு முடிக்கும்வரை காத்து நின்றாள்.

"இப்பிடி வந்து போயி இருந்தாத்தானே பெரியத்தான் நல்லா இருக்கும்," என்றாள். காப்பியில் சர்க்கரை அதிகம். அவர் முழுவதையும் குடித்தார்.

மாதிரிக்கு எடுத்ததுதான். சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் மாட்டிவிட வேண்டும் என்றே அவர் நினைத்திருந்தார். ஜஸ்டின் பட்டறையில் ஒரு பழைய கிக்கர் கிடந்தது. வண்டியைக் காலால் உதைத்துக் கிளப்பும் அந்தக் கம்பியை அறுத்து, வளைத்து, அரம் போட்டு, நெருப்பில் வாட்டி எண்ணெயில் முக்கி எடுத்தான். பிற்பகலில் இரண்டு குதிரையும் பட்டறை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தன.

ரகுநாத் ஒன்றைத் தூக்கினார். ஒரிஜினல். மற்றதைத் தூக்கினார். லோக்கல்.

கையில் ஒரிஜினல் இருக்கும்போது லோக்கலை மாட்டுவது அவருடைய தொழில் தர்மத்துக்கு ஒத்துவரவில்லை. அதுவும் தன் வீட்டுச் சாமானில். ஒரிஜினலை, அதன் பழைய திருகாணியோடு, அங்கேயே சிவப்புத் துணித் துப்பாக்கியில் மாட்டினார். பூப்போல் உட்கார்ந்தது. கிக்கர்க் குதிரையையும் கார்புரேட்டர் திருகாணியையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எதுண்ணே எதுல மாட்டணும்?" என்று ஜஸ்டின் கேட்டதற்கு, உன் வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சாயங்காலம் போனபோது செந்தமிழன் வந்திருந்தான். வாசலிலேயே ஓடிவந்து கட்டிக்கொண்டான். சட்டைப்பையில் இருந்த குதிரை இருவர் நெஞ்சுக்கும் நடுவில் அழுத்தியது. அது என்னண்ணே என்று அவன் கேட்டான். கடைச் சாமான் என்றார். பொய் இல்லை.

செந்தமிழன் ஒரு தைலக் குப்பியும் டார்ச் லைட்டும் கொடுத்தான். பொற்கொடி காலையில் நடந்ததை போனிலேயே அவனிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அவன் ரகுநாத்தின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நான் அடுத்த மாசம் திரும்பிப் போயிருவேன். நீங்கதான் இங்கிட்டு இருக்கப் போறீங்க. பரிவட்டம் ஒங்களுக்கே கட்டட்டும். காலையில தலைவர்ட்ட சொல்லி, அந்தப் புதுக்கோட்டைக்காரர வரவேண்டாம்னுருவோம்."

ரகுநாத்துக்குக் கேட்காமலேயே பரிவட்டம் கிடைத்துவிட்டது. சட்டைப்பையில் உள்ளதை என்ன செய்வது? சோதனை இல்லையென்றாலும், நாளை கருவறை வாசலில் பூசாரி மஞ்சள் துணியை அவிழ்ப்பார். குதிரை இருந்த இடம் வெறுமையாக இருக்கும். காலையில் கும்பிட்டுவிட்டுப் போனது யார் என்று பொற்கொடி சொல்வாள். எப்படியும் இதை மாட்டித்தான் ஆக வேண்டும். மாட்டிய பிறகு, பிச்சையாக வாங்குவானேன், ஜெயித்தே வாங்கலாமே என்று தோன்றியது. அசல் குதிரை இப்போது அவர் வீட்டில் அல்லவா இருக்கிறது.

"விட்டுக்குடுத்து வாங்குனா அது மரியாதையாடா தம்பி? சோதனை நடக்கட்டும். ஞாயம்னா ஞாயம்," என்றார்.

செந்தமிழன் பெருமையோடு மனைவியைப் பார்த்தான். இன்னொரு சூடம் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று ரகுநாத் சாமி அறைக்குள் போனார். அண்ணன் நிம்மதியாகக் கும்பிடட்டும் என்று செந்தமிழனே கதவைச் சாத்தினான்.

வெள்ளிக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் ஊரே இருந்தது. சம்பந்தி வீட்டார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு மேசை. அதன்மேல் வெள்ளைத் துணி. சிவப்புத் துணித் துப்பாக்கியோடு ரகுநாத் படியேறியபோது, கையில் துடைப்பத்தோடு செவந்தி குறுக்கே வந்தாள்.

"அண்ணே, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் செவந்தி."

"துணி விசயம்ணே."

"எல்லாம் முடியட்டும். ஒனக்குப் புதுச் சேலையே எடுத்துத் தாரேன், போ," என்றார். அவள் போய்த் தூண் ஓரமாக நின்றுகொண்டாள்.

அரவிந்த்குமார் ஒல்லியாக இருந்தார். ஒரு பூதக்கண்ணாடியும் சிறிய டார்ச்சும் மட்டும் கொண்டுவந்திருந்தார். மஞ்சளைப் பிறகு பார்ப்பதாக ஓரமாய் வைத்துவிட்டு, முதலில் சிவப்பை எடுத்தார். தான் என்ன பார்க்கிறேன் என்பதைப் பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல் ஊருக்குச் சொல்லிக்கொண்டே பார்த்தார். பழைய காலத்துத் திருகாணியின் வெட்டுக் கோடு கையால் அறுத்தது, கோணலாக இருக்கும் என்றார். ஒரே துப்பாக்கியில் பிறந்த பாகங்கள் ஒன்றாகவே வயதாகும், ஒன்று தேய்ந்து பக்கத்தில் இருப்பது தேயாமல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்றார். குழலைப் பார்த்தார். அசல் என்றார். விசையைப் பார்த்தார். அசல் என்றார். சம்பந்தி ரகுநாத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

குதிரைக்கு வந்ததும் அவர் பேச்சு நின்றது. பூதக்கண்ணாடியை அருகில் கொண்டுபோனார். கல் வந்து மோதும் தகட்டில் தடம் ஓரிடத்தில் இருக்கிறது, குதிரையின் வாய் ஒரு நூல் தள்ளி இருக்கிறது என்றார்.

"அப்ப டூப்ளிகேட்டாங்க?" என்று திருப்பதி கேட்டார்.

அரவிந்த்குமார் குதிரையை லேசாக ஆட்டிப் பார்த்தார். அந்தக் காலப் படையில் ஒரு துப்பாக்கி பழுதானால் இன்னொன்றிலிருந்து எடுத்து மாட்டுவார்கள், அது சகஜம் என்றார். ஆனால் குதிரை அந்தக் காலத்துக் குதிரைதான், அதில் சந்தேகமே இல்லை என்றார்.

ரகுநாத் சம்பந்தியைப் பார்த்துச் சிரித்தார். அதற்குள் அரவிந்த்குமார் டார்ச்சைக் கிட்டே பிடித்து, குதிரைக்குப் பக்கத்துத் தகட்டில் தேங்காய் எண்ணெய் வாடை அடிக்கிறதே, யாராவது துடைத்தீர்களா என்று கேட்டார். கூட்டம் ரகுநாத்தைப் பார்த்தது. வீட்டில் துணி அவிழக் கூடாது. அவர் வாய் தானாகத் திறந்தது.

"வீட்டுல பொம்பளைங்க, ஆசையில, தெரியாமத் தொடச்சிட்டாங்க."

பெண்கள் பக்கத்திலிருந்து சுகுணா அவரைப் பார்த்தாள். அவள் அந்தத் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. திருப்பதி குற்றத்துக்கு ஒரு தேங்காய் உடைத்துவிடச் சொன்னார். அரவிந்த்குமார் மஞ்சளைக் கையில் எடுத்து, கட்டையில் ஏதோ கடித்த தடம் இருப்பதாக முணுமுணுத்தார். எலியாக இருக்கும் என்றார் திருப்பதி. ரகுநாத் அதைக் கேட்கவில்லை. அவர் சுகுணாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பியபோது அரவிந்த்குமார் மஞ்சள் துப்பாக்கியின் குதிரையை விரலால் சுண்டிக்கொண்டிருந்தார்.

"இது துப்பாக்கி பாகமே இல்ல," என்றார். "ஏதோ மோட்டார் சைக்கிள் சாமான்."

செந்தமிழன் எழுந்து நின்றான். திருப்பதிக்கு நம்பிக்கை வரவில்லை. வண்டிச் சாமானா இல்லையா என்று சொல்ல ஊரில் ஆள் இல்லாமலா போய்விட்டது?

"ரகு, நீயே பாத்துச் சொல்லுப்பா. ஒன்னவிட வேற யாருக்குத் தெரியும்?"

குதிரையைக் கழற்றி அவர் கையில் வைத்தார்கள். ஊர் பார்த்தது. சம்பந்தி எட்டிப் பார்த்தார். ரகுநாத் உள்ளங்கையில் வைத்து ஒரு தூக்குத் தூக்கினார்.

"கிக்கர்தான்," என்றார். பழக்கம் விடவில்லை. "அதுவும் லோக்கல்."

பொற்கொடி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எங்கள் வீட்டில் யாரும் தொடவில்லை, பெட்டியைத் திறந்தது யார் என்று காளிக்குத் தெரியும் என்றாள். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவள்போல் நிமிர்ந்தாள்.

"நேத்துகூட பெரியத்தான் ரெண்டு தடவ வந்து..."

ரகுநாத் குரலை உயர்த்தினார். வேறு வழி தெரியவில்லை. சொந்தம் வேறு, சாமி வேறு என்று தொடங்கினார். பரம்பரையாக வண்டிச் சாமானை வைத்து அம்மனையே ஏமாற்றியிருக்கிறார்கள் என்றார். பேசப் பேச அவருக்கே அது உண்மையாகத் தோன்றியது.

"தலைவரே, பரிவட்டம் கெடக்கட்டும். எந்தத் துப்பாக்கியில இந்தக் கிக்கர் இருந்துச்சோ, அந்த வீட்டுக்கு இனி அம்மன் வாசல்ல எடமே கெடையாதுன்னு இப்பவே முடிவு பண்ணுங்க. திருநீறுகூடக் குடுக்கக் கூடாது."

கூட்டத்தில் ஆமாம் ஆமாம் என்று எழுந்தது. கோபம் யாருக்கும் எளிதாக வரும் நேரம் அது. திருப்பதி குழுவினரைப் பார்த்தார். குழுவினர் தலையாட்டினார்கள். அவர் எழுந்து, ரகுநாத் சொன்னதையே வார்த்தை மாறாமல் மைக்கில் சொல்லி, காளியின் பேரால் முடிவு என்றார். மணி அடித்தார்கள். மணி அடித்த முடிவை மாற்றும் வழக்கம் வேம்படிப்பட்டியில் இல்லை.

செந்தமிழன் ரகுநாத்தை மட்டும் பார்த்தான். நேற்று அவன் கட்டிக்கொண்டபோது அழுத்திய இடத்தைத் தடவிக்கொண்டான்.

பூசாரி பட்டுப் பரிவட்டத்தைத் தட்டில் ஏந்தி வந்தார். வெளியே ஃப்ளெக்ஸை ஏற்றும் சத்தம் கேட்டது. ரகுநாத் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தார். அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. பல்தடம் பற்றிப் புளுகியதை மன்னித்துவிட்டார்.

துப்பாக்கிகளைத் திரும்பச் சுற்றிக் கருவறைக்குக் கொண்டுபோக வேண்டும். தூண் ஓரத்திலிருந்து செவந்தி வந்தாள். இரண்டு துணியையும் உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மஞ்சள் துப்பாக்கியை எடுத்துக் கட்டையை விரலால் தடவினாள். பிறகு மைக் இன்னும் அணைக்கப்படவில்லை என்பதைக் கவனிக்காமல், திருப்பதியிடம் கேட்டாள்.

"போன மாசியில மஞ்சத்தண்ணி ஊத்தி ரெண்டு துணியும் நனைஞ்சு, காயப்போட்டு எடுத்த அவசரத்துல நாந்தான் மாத்திச் சுத்திக் குடுத்துட்டேங்க, இந்தா, இந்தப் பல்லுத்தடம் இருக்கிறதுதானே எப்பவும் ரகு அண்ணன் வீட்டுது, செவப்புத் துணிய இதுல சுத்திரவாங்க?"